அபாயாவுக்குள் ஒரு தோள்

கொழும்பில் நாங்கள் வாடகைக்கு இருந்த தெருமுனையில் ஒரு மாடிக் கட்டடம். கீழே பேக்கரி. முதலாம் மாடியில் இரும்புச் சத்தம் கேட்கும் ஜிம். இரண்டாம் மாடியில் பலகைத் தரையும் சுவர் முழுக்கக் கண்ணாடியுமாக ஓர் அறை. அங்கே பெண்களுக்கு மட்டும் 'பாரே' வகுப்பு நடக்கும். ஜிம்மிலும் பின்நேரம் இரண்டு மணித்தியாலம் பெண்களுக்கென்று ஒதுக்கியிருந்தார்கள். இரண்டுக்கும் மாதக் கட்டணம் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆசிரியச் சம்பளத்தில் ஒன்றுக்குத்தான் காசு கட்ட ஏலும்.

எடை குறைக்க வேண்டும் என்பது என் கவலையாக இருக்கவில்லை. இரண்டாவது மகன் பால் மறந்த பிறகு உடம்பு ஓரளவு பழைய அளவுக்கு வந்துவிட்டது. ஆனால் கைகள் சும்மா தொங்கின. கரும்பலகையில் எழுதும்போது மேற்கையின் சதை தனியே ஆடுவது எனக்கே தெரிந்தது. தோளில் ஒரு கோடு விழ வேண்டும், கையை மடக்கினால் தசை எழும்ப வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

"அபாயாவுக்குள்ள இருக்கிற தோள ஆருக்குக் காட்டப் போறாய்?" என்று ராத்தா ஊரிலிருந்து போனில் கேட்டா.

"எனக்குத்தான்" என்றேன். ராத்தா சிரித்துவிட்டு, "அப்ப கண்ணாடி வாங்கு, காசு மிச்சம்" என்றா.

மேல் மாடிக்காரர்கள் ஒட்டியிருந்த விளம்பரம் 'நீண்ட, மெலிந்த தசை' தருவதாகச் சொன்னது. கீழ் மாடியில் விளம்பரமே இல்லை. துரு ஏறிய தட்டுகள்தான் இருந்தன. பள்ளிக்கூடத்து ஆசிரியைகள் ஒரே குரலில் மேல் மாடிக்கு வாக்குப் போட்டார்கள். வெயிட் தூக்கினால் ஆம்பிளை மாதிரி ஆகிவிடும், கழுத்து தடிக்கும், பிறகு இறக்கவே ஏலாது என்பது அவர்களின் கட்சி.

உடம்பைப் பற்றி எனக்கு முதலில் பாடம் எடுத்தது புல்மோட்டைக் கடற்கரை. திருகோணமலையிலிருந்து கரையோரமாக வடக்கே 50 கிலோமீற்றருக்கு மேல் வந்தால் எங்கள் ஊர். அதைத் தாண்டினால் கொக்கிளாய்க் களப்பின் வாய், அதற்கு அப்பால் முல்லைத்தீவு மாவட்டம். வாப்பா கரைவலைக்குப் போனவர். கரைவலை இழுப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் கையின் வேலை குறைவு. வலையின் இரண்டு கயிறும் கரையில் ஒன்றுக்கொன்று தூரமாக வந்து சேரும். ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு வரிசை ஆட்கள். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு பட்டி. அதிலிருந்து தொங்கும் சின்னக் கயிற்றைப் பெரிய கயிற்றில் ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாகச் சாய்ந்து, குதிகாலை மணலில் புதைத்து, அடி அடியாகப் பின்னுக்கு நடப்பார்கள். வரிசையின் கடைசிக்குப் போனவர் கயிற்றை அவிழ்த்துக்கொண்டு தண்ணீர் ஓரத்துக்கு ஓடிவந்து மறுபடி பிடிப்பார். அம்பாப் பாட்டின் இழுவைக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் சாய்வார்கள். மடி கரைக்கு வர ஒரு மணி நேரமும் போகும், இரண்டு மணி நேரமும் போகும். பிற்காலத்தில் பல கரைகளில் ட்ராக்டரில் வின்ச் பூட்டி இழுக்கத் தொடங்கினார்கள். அந்த உடம்புகளும் குறைந்துவிட்டன.

ஈரச் சாரத்தோடு வாப்பா திரும்பி நிற்கும்போது முதுகெலும்பின் இரண்டு பக்கமும் தசை பிரிந்து தெரியும். கெண்டைக்காலில் தனித்தனி நரம்பு. வயிற்றில் மடிப்பே கிடையாது. விலா எலும்பை எண்ணலாம். உடற்கட்டுப் போட்டிக்காரர்கள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காட்டும் முதுகு அது. வாப்பா அதைக் கண்ணாடியில் பார்த்ததே இல்லை.

ஊரின் மற்றப் பக்கத்தில் வேறொரு வகை உடம்பு இருந்தது. புல்மோட்டைக் கடற்கரை மணலில் பெரும்பங்கு இல்மனைட். ருட்டைலும் சிர்கோனும் கொஞ்சம் மொனசைட்டும் அதோடு கலந்து கிடக்கும். 1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் வந்த பிறகு அந்தக் கறுப்பு மணல் கப்பலேறி, உலகத்துச் சுவர்களுக்கு வெள்ளைப் பெயின்ற் ஆனது. மூடை சுமந்து பிழைத்தவர்கள் ஊரில் நிறையப் பேர்: மணல் மூடை, சீமெந்து மூடை, அரிசி மூடை. அவர்களுக்குத் தடித்த கழுத்து, அகன்ற முதுகு, பெருந்தொடை. வயிற்றில் கோடெல்லாம் இல்லை. ஆனால் 50 கிலோ மூடையை முழங்காலில் ஒரு தட்டுத் தட்டித் தோளுக்கு ஏற்றுவதில் வாப்பாவே அவர்களுக்குப் பின்னால்தான்.

பெண்களில் மூத்தம்மா. நோன்பு வருமுன் மாவிடிப்பு நடக்கும். உலக்கையை ஒரு கையால் உயர எறிந்து மறு கையால் பிடித்துக் குத்துவா. முன்கையில் முறுக்கிய கயிறு போல இரண்டு தசை ஓடும். அந்தக் கையைப் பார்த்து ஆம்பிளைக் கை என்று ஊரில் ஒருவரும் சொன்னதில்லை. ஜிம்முக்குள் போனால் மட்டும் பெண்ணின் கை எப்படி ஆம்பிளைக் கை ஆகும் என்று அப்போதே நான் யோசித்திருக்கலாம். ஆனால் பழக்கம் பெரியது. நான் மேல் மாடிக்குத்தான் முதலில் ஏறினேன். ஆண் பயிற்சியாளர் இல்லை, வாசல் பூட்டியிருக்கும், முக்காட்டைக் கழற்றி வைக்கலாம். அந்தக் காலத்தில் எனக்கு அது போதுமான காரணம்.

பாரே வகுப்பை இலேசாக நினைக்க வேண்டாம். இடுப்பு உயரத்தில் சுவரோடு ஒரு மரக்கம்பி. அதை விரல் நுனியால் தொட்டுக்கொண்டு, குதிகால்களை ஒட்டி உயர்த்தி, முழங்காலை வெளிப்பக்கம் திருப்பி, பாதி உட்கார்ந்த நிலையில் நிற்க வேண்டும். பிறகு ஓர் அங்குலம் கீழே, ஓர் அங்குலம் மேலே. ஒரு பாட்டு முடியும்வரை இதுதான். அரை நிமிடத்தில் தொடை சூடேறும். ஒரு நிமிடத்தில் நடுங்கத் தொடங்கும். பயிற்சியாசிரியைக்கு அந்த நடுக்கம் கண்டால் மகிழ்ச்சி. "நடுங்குது என்றால் மாறுது" என்று கைதட்டுவா. அடுத்தது முழங்கால்களுக்கு நடுவே ஒரு சின்னப் பந்து. அதை நெரிக்க வேண்டும். அடுத்தது இரண்டு கையிலும் ஒவ்வொரு கிலோ டம்பெல். தோள் உயரத்தில் நீட்டிப் பிடித்துச் சின்னச் சின்ன வட்டம். பாட்டு முடியும்போது அந்த ஒரு கிலோ பத்துக் கிலோவாகிவிடும்.

இந்த முறைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. லொட்டே பெர்க் என்ற நடனக்காரி 1913இல் ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவ. நாசிகளுக்குத் தப்பி 1930களில் லண்டனுக்குப் போனா. முதுகில் அடிபட்ட பிறகு, தான் அறிந்த பாலே கம்பிப் பயிற்சியையும் முதுகைத் தேற்றும் மருத்துவப் பயிற்சியையும் சேர்த்து ஒரு முறை கட்டி, 1959இல் மான்செஸ்டர் தெருவில் ஒரு நிலவறையில் வகுப்புத் தொடங்கினா. அவவிடம் படித்த லிடியா பாக் 1971இல் அதை நியூயோர்க்குக்குக் கொண்டுபோனா. முதுகு நொந்த ஒரு பெண் தன்னைத் தூக்கி நிறுத்தக் கண்ட வழி, அரை நூற்றாண்டு கழித்து எங்கள் தெருப் பேக்கரிக்கு மேலே வந்து சேர்ந்திருந்தது.

நிமிர்ந்து நிற்பது, இடுப்பை நேராக வைப்பது, ஒற்றைக் காலில் தடுமாறாமல் நிற்பது ஆகிய மூன்றிலும் அந்த வகுப்பு எனக்கு நன்மை செய்தது. நாள் முழுக்க வகுப்பில் நின்றால் வரும் இடுப்பு வலி குறைந்தது. முதல் சில வாரங்களில் தொடையில் மாற்றமும் தெரிந்தது. பிறகு நின்றுவிட்டது. நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. தோள் அப்படியே இருந்தது. டம்பெல்லும் அதே ஒரு கிலோதான். பாரத்தைக் கூட்டலாமா என்று கேட்டேன். "பாரம் கூடினால் தசை தடிக்கும், நமக்கு நீளமான தசைதான் வேண்டும்" என்று பதில் வந்தது.

நான் விஞ்ஞானம் படிப்பிக்கிறவள். அந்தப் பதில் என் காதில் ஒட்டவில்லை. ஒரு தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது, அதன் நாண் எலும்பில் எங்கே பொருந்தியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. எந்தப் பயிற்சியாலும் அந்த இடத்தை நகர்த்த ஏலாது. தசை தடிக்கலாம், மெலியலாம். நீளத் தசை என்று ஒன்றை யாரும் வகுப்பில் செய்து தர மாட்டார்கள். அடுத்த மாதக் காசைக் கீழ் மாடியில் கட்டினேன்.

அங்கே பெண்கள் நேரத்துக்குப் பொறுப்பாக இருந்தவ ஒரு சிங்களப் பெண். பள்ளிக் காலத்தில் பளுதூக்கியவ. உயரம் என் தோளளவு. நான் பயத்தைச் சொன்னதும் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னா: "டீச்சர், பயம் வேணாம். பெரிசா வராது. ஆம்பிளைங்களே வருசக்கணக்கா அழுறாங்க, வருதில்ல எண்டு."

அவ எனக்கு முதலில் பழக்கியது நிலத்திலிருந்து பாரம் எடுப்பது, அதாவது டெட்லிஃப்ட். கம்பி பாதத்தின் நடுவுக்கு நேரே இருக்க வேண்டும். இடுப்பைப் பின்னுக்குத் தள்ளிக் குனிய வேண்டும். முதுகு வளையக் கூடாது. பிடித்த பிறகு உடனே இழுக்கக் கூடாது. கம்பிக்கும் தட்டுக்கும் நடுவே இருக்கும் சிறு இடைவெளி 'டிக்' என்று அடைபடும்வரை கையை இறுக்கி, மூச்சை வயிற்றில் பிடித்து, பிறகு நிலத்தைக் காலால் தள்ள வேண்டும். கை இழுக்கவில்லை, கால்தான் தள்ளுகிறது என்பது எனக்கு இரண்டாவது முறையிலேயே விளங்கிவிட்டது. குதிகாலைப் புதைத்துப் பின்னுக்குச் சாயும் அந்த வரிசை என் காலுக்குள் எங்கேயோ ஏற்கனவே இருந்தது. "ஆர் பழக்கினது?" என்று அவ கேட்டா. கரைவலையைச் சிங்களத்தில் விளங்கப்படுத்த எனக்கு அன்று முடியவில்லை. 'மாதெல்' என்ற சொல்லைப் பிறகுதான் அறிந்தேன்.

ஐந்து முறை தூக்குவது, மூன்று நிமிடம் கதிரையில் இருப்பது, மறுபடி ஐந்து முறை. மேல் மாடியில் வேர்வை ஊற்றிப் பழகிய எனக்கு இது சோம்பேறி வேலையாகத் தெரிந்தது. நடுக்கமும் இல்லை, பாட்டுக்கு ஏற்ற எண்ணிக்கையும் இல்லை. ஆனால் ஒவ்வொரு கிழமையும் கம்பியில் ஒரு சின்னத் தட்டுக் கூடியது. அதை அவ ஒரு பயிற்சிக் கொப்பியில் எழுதினா. அந்தக் கொப்பியைப் போல் என் உடம்பைப் பற்றி எனக்கு உண்மை சொன்னது அதுவரை வேறொன்றும் இல்லை.

பெண்ணின் உடம்பில் டெஸ்டொஸ்டிரோன் ஆணுக்கு இருப்பதில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. தசை வளரும்; பயமுறுத்தும் அளவுக்குத் தானாக வளராது. 2018 கோல்ட் கோஸ்ட் பொதுநலவாய விளையாட்டில் நம் நாட்டுக்கு வெண்கலம் கொண்டுவந்த தினூஷா கோமஸ் 48 கிலோ பிரிவில் தூக்கியவ. மணிப்பூரின் மீராபாய் சானு டோக்கியோவில் வெள்ளி வாங்கியபோது 49 கிலோ பிரிவில் நின்று 115 கிலோவைத் தலைக்கு மேல் ஏற்றினா. இரண்டு பேரும் நம் பள்ளிக்கூடத்து நெட்பால் பிள்ளைகளைவிடச் சிறிய உருவம்.

இதற்காக இலேசான பாரத்தை வீண் என்று தள்ளவும் ஏலாது. கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் 2012இல் வெளியான ஓர் ஆய்வு இளைஞர்களின் கால்களை வைத்துப் பார்த்தது. தூக்க முடிந்த உச்சப் பாரத்தில் 30 வீதத்தைத் தூக்கிய காலும் 80 வீதத்தைத் தூக்கிய காலும் மூன்று மூன்று செட். இனி ஒரு முறைகூட முடியாது என்ற இடம்வரை. பத்து வாரம் கழித்துத் தசை இரண்டிலும் ஏறக்குறைய ஒரே அளவு வளர்ந்திருந்தது. பலம் மட்டும் கூடிய பாரம் தூக்கிய காலுக்குக் கூடக் கிடைத்தது. இதில் கவனிக்க வேண்டியது அந்த 'முடியாது என்ற இடம்'. பாரே வகுப்பில் பாட்டு முடிந்தால் செட் முடியும். தசை முடிந்ததா என்று யாரும் கேட்பதில்லை. நடுக்கம் என்பது களைப்பின் அடையாளம்; வளர்ச்சிக்கு அது இரசீது அல்ல. கையில் இருப்பது என்றைக்கும் ஒரு கிலோவாக இருந்தால், அது பழகிய பிறகு உடம்புக்கு வளர ஒரு தேவையும் இல்லை.

2019இல் ஊருக்கு இடமாற்றம் கிடைத்தது. புல்மோட்டையில் பையன்கள் போகும் ஜிம் உண்டு. பெண்கள் நேரம் கிடையாது. அடுத்த மார்ச்சில் கொரோனா ஊரடங்குச் சட்டமும் வந்துவிட்டது. வீட்டின் பின்விறாந்தையில் இருந்தவை ஒரு வாங்கு, ஒரு உரல், கொஞ்சம் வெற்றுப் போத்தல்.

போத்தலில் மணல் நிரப்பித் தூக்கலாம் என்பது எல்லாருக்கும் வரும் யோசனைதான். எங்கள் ஊரில் அந்த யோசனைக்குக் கூடுதல் பாரம் உண்டு. சாதாரண மணலின் குவார்ட்ஸ் ஒரு கன சென்ரிமீற்றருக்கு 2.65 கிராம், இல்மனைட் 4.7 கிராம் அளவில். ஒன்றரை லீற்றர் போத்தலில் ஆற்று மணல் நிரப்பினால் இரண்டரைக் கிலோ நிற்கும். கறுப்பு மணல் நிரப்பினால் நாலு கிலோவைத் தொடும். மூத்த மகன் முற்றத்தில் காற்று ஒதுக்கியிருந்த கறுப்பு மணலை வழித்து ஒரு போத்தலில் நிரப்பிக்கொண்டு வந்தான். பார்க்கச் சின்னது, தூக்கினால் கை இறங்கியது. மணல் தொழிற்சாலையில் வேலை பார்த்த சாச்சா அன்று பின்நேரம் வந்து, போத்தலைக் கையில் எடுத்துச் சிரித்தார். "மகள், இதுக்குள்ள மொனசைட்டும் கிடக்கும். அதில தோரியம் இரிக்கி. வீட்டுக்குள்ள அடுக்கி வெச்சிராதங்க. அரசாங்கத்துச் சாமானும் கூட" என்றார். வகுப்பில் கதிரியக்கத்தைப் படிப்பிக்கிறவளுக்கு அவர் சொன்னதில் விளங்காத ஒன்றும் இல்லை. கறுப்பு மணல் முற்றத்துக்கே திரும்பியது. போத்தலில் ஆற்று மணல் வந்தது. 10 கிலோ, 25 கிலோ அரிசிப் பைகள் வந்தன. பைகளைக் கட்டித் தூக்கப் பழைய வலைக் கயிறு வாப்பா தந்தார். ஊரடங்கு தளர்ந்த பிறகு அவர் பட்டறையில் சொல்லி ஒரு இரும்புக் குழாயும், பழைய வாகனச் சில்லுகளின் இரும்பு வளையங்களும் தேடித் தந்தார். கம்பி கொஞ்சம் வளைவு. தூக்கும்போது இடப்பக்கம் ஓடும்.

உம்மாவுக்கு முதலில் இது வெட்கக்கேடு. பிறகு வேடிக்கை. அப்போது அவ முழங்கால் வலியால் கதிரையில் இருந்துதான் தொழுவா. அவுஸ்திரேலியாவின் கிரிபித் பல்கலைக்கழகத்தில், மாதவிடாய் நின்ற, எலும்பு அடர்த்தி குறைந்த பெண்களை எட்டு மாதம் கிழமைக்கு இரண்டு தடவை பாரமாகவே தூக்க வைத்தார்கள். முள்ளந்தண்டின் எலும்பு அடர்த்தி குறையாமல் கூடியது. இதை உம்மாவுக்குச் சொன்னேன். "அவங்களுக்கு டொக்டர் பக்கத்தில நிண்டிருப்பார்" என்றா. சரியான பேச்சு, அந்தப் பெண்களை மேற்பார்வை இல்லாமல் யாரும் தூக்க விடவில்லை. அதனால் உம்மாவுக்குக் கதிரையிலிருந்து கை ஊன்றாமல் எழும்புவதை மட்டும் பழக்கினேன். பிறகு மடியில் ஒரு போத்தலோடு. இன்றைக்கும் சில வக்துகளைக் கதிரையில்தான் தொழுகிறா. ஆனால் எழும்பச் சுவரைத் தேடுவதில்லை.

மேல் மாடியில் படித்த ஒற்றைக்கால் நிலையும் பாதி உட்கார்ந்து பிடிப்பதும் இங்கே உம்மாவுக்கும் அவவின் வயதுப் பெண்களுக்கும் கைகொடுத்தன. கம்பிக்குப் பதில் விறாந்தை வாங்கின் முதுகு. லொட்டே பெர்க் இந்த வயதுப் பெண்களையும் மனதில் வைத்திருந்தால் ஆச்சரியமில்லை. நொந்த உடம்பிலிருந்து பிறந்த முறை அது. இளம் தோளில் கோடு விழுத்தும் வேலையை அதன் தலையில் கட்டியது பின்னால் வந்த விளம்பரம்.

பொருளாதார நெருக்கடி வந்த 2022ஐ இங்கே சொல்லாமல் விட ஏலாது. காஸ் இல்லை, பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய் இல்லாமல் படகுகள் கரையில் கிடந்தன. கடலைப் பார்த்துக்கொண்டே மீனுக்கு ஏங்கினோம். முட்டை விலை கேட்டால் திரும்பி வருவோம். பால்மா கடைத் தட்டில் இல்லை. தசை வளர்க்கிறவர் உடம்பு எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறக்குறைய 1.6 கிராம் புரதம் நாளுக்குச் சாப்பிட்டால் நல்லது என்பார்கள். என் எடைக்கு 90 கிராம் அளவில் வரும். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு துண்டு மீனில் 20 கிராம். மற்ற வருடங்களில் சூரையும் நெத்தலிக் கருவாடும் பருப்பும் எருமைத் தயிருமாக அந்தக் கணக்கை எப்படியோ ஒப்பேற்றுவேன். அந்த வருடம் இருந்ததைப் பிள்ளைகளின் தட்டில் வைத்தோம். எங்களுக்குப் பிட்டும் சம்பலும்.

அந்த மாதங்களில்தான் என் தோளில் நான் கேட்ட கோடு விழுந்தது. கையைத் தூக்கினால் தோள்தசை தனியாகப் பிரிந்தது. முன்கையில் நரம்பு எழும்பியது. வயிற்றின் மேற்பக்கத்தில் நிழல் போல இரண்டு பிரிவு. குளியலறைக் கண்ணாடியில் பார்த்து நான் மகிழ்ந்தது உண்மை. அதே மாதங்களின் கொப்பியைத் திறந்தால் வேறு கதை. நிலத்திலிருந்து 60 கிலோ எடுத்தவள் 45க்கு இறங்கியிருந்தேன். மூன்றாவது முறையில் கை நழுவியது. படியேறினால் மூச்சு வாங்கியது. தசை வளரவில்லை, அதன் மேலிருந்த போர்வை மெலிந்திருந்தது. தசையும் சேர்ந்தே கரைந்துகொண்டிருந்தது. தசை தெரிய, தசை தடிக்கவும் வேண்டும், மேலே இருக்கும் கொழுப்பு மெலியவும் வேண்டும். இரண்டாவது மட்டும் நடந்தாலும் கண்ணாடி கைதட்டும்.

உம்மாவிடம் வாப்பாவின் பழைய முதுகைப் பற்றிச் சொன்னேன், அந்தப் பிரிந்த தசையை, எண்ணக்கூடிய விலாவை. உம்மா சுளகிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அப்ப ஆருக்கு மகள் வயிறு நிறஞ்சது? கடலுக்குப் போக விடாத நாள்தான் கூட. எலும்பு தெரிஞ்சிச்சி, அதோட மத்ததும் தெரிஞ்சிச்சி" என்றா. யுத்த காலத்துக் கடல் தடை, சுற்றிவளைப்பு, மீன் இருந்தும் விற்க வழியில்லாத நாட்கள்: நான் அழகென்று மனதில் பூட்டி வைத்திருந்த முதுகின் பாதி அந்தக் காலத்தால் செதுக்கப்பட்டது. மூடை சுமந்தவர்களின் வயிற்றில் கோடு இல்லாமல் போனதற்குக் காரணம், அவர்களுக்குக் கூலியோடு மத்தியானச் சோறும் கிடைத்ததாக இருக்கலாம்.

அதற்குப் பிறகு நான் கண்ணாடியிடம் கேள்வி கேட்பதைக் குறைத்துக்கொண்டேன். கோடு நோன்பு மாதத்தில் கொஞ்சம் கூடும், பெருநாள் முடிந்தால் மறையும். ரமழானில் நான் பாரத்தைக் கூட்டுவதில்லை. நோன்பு திறந்து தராவீஹ்வரை இருக்கும் இடைவெளியில், இருக்கும் பலம் போகாமல் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு இரண்டு செட். சஹருக்கு முட்டையும் தயிரும். மற்ற மாதங்களில் கம்பியில் இருக்கும் எண்தான் எனக்குக் கணக்கு. அந்த எண் பசியில் ஏறாது, வெளிச்சத்தின் சாய்வில் ஏறாது, படம் பிடிக்கும் கோணத்தில் ஏறாது.

எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்த ஓர் ஆசிரியை போன மாதம் என்னிடம் கேட்டா, கல்யாணத்துக்கு முன்னால் கை அழகாக வேண்டும், எதைச் செய்யலாம் என்று. போனில் இரண்டு வீடியோ வைத்திருந்தா. ஒன்றில் கம்பியைப் பிடித்துக் காலை ஆட்டும் வெள்ளைக்காரி, மற்றதில் பாரம் தூக்கும் வெள்ளைக்காரி. இரண்டு பேரும் மெலிந்தவர்கள். நான் அவவுக்குச் சொன்னது இதுதான்: பாரமானதைத் தூக்குங்கள், ஐந்திலிருந்து பன்னிரண்டு முறைக்குள் முடியாமல் போகிற பாரம். கிழமைக்கு இரண்டு மூன்று நாள் போதும். முதல் சில வாரம் கூடுவது நரம்பின் பழக்கம். தசை கண்ணுக்குத் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். மீனையும் முட்டையையும் தம்பிமாரின் தட்டுக்கு மட்டும் தள்ளாதீர்கள். முழங்கால் நொந்தால், பிள்ளை பெற்ற புதிதென்றால், முதலில் டொக்டரைக் கேளுங்கள். அப்போது இலேசான நிலைப் பயிற்சியே நல்லது. ஆட்டமும் பாட்டும் பிடிக்கும் என்றால் பாரேக்கும் போகலாம், பிடித்ததைச் செய்கிறவர்தான் விடாமல் செய்வார். ஆனால் கையில் தசை வேண்டும் என்று கேட்டால், அது பாரத்தின் வேலை.

"பெருத்திருவனோ?" என்றா. என் கையைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். பிடித்துப் பார்த்துவிட்டு, "அபாயா போட்டா தெரியாதுதான்" என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டா. கல்யாணத் தேதி குறித்தாகிவிட்டது. ஆனாலும் எங்கள் பின்விறாந்தைக்கு வரத் தொடங்கியிருக்கிறா. ராத்தாவும் வருகிறா, வேடிக்கை பார்க்கத்தான் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு. வேடிக்கை பார்க்க வந்தவ போன கிழமை 25 கிலோ அரிசிப் பையை நெஞ்சுவரை எடுத்துவிட்டு, இன்னொரு போத்தலையும் மேலே வைக்கச் சொன்னா.

இப்போது பின்விறாந்தையில் இடம் போதவில்லை. பட்டறைக்காரர் நேரான கம்பி ஒன்று செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். திங்களும் வியாழனும் அஸருக்குப் பிறகு. பிள்ளைகளைக் கூட்டி வரலாம். கண்ணாடி கிடையாது, கொப்பி நான் தருவேன்.